முன்பின் பார்க்காத இரண்டு கவிதைகளை எப்படி ஒப்பிட்டு எழுதுவது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 17. இலக்கியத் தாளில் பாடப்பகுதிக் கவிதைகளுக்கு நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறேன். முன்பின் பார்க்காத இரண்டு கவிதைகளைக் கொடுத்து, விளக்கி ஒப்பிடச் சொல்லும் கேள்வியில் மட்டும் பாதிதான் கிடைக்கிறது. தாளைப் பார்த்ததும் படபடப்பு வந்துவிடுகிறது. உவமை எங்கே, உருவகம் எங்கே, எதுகை மோனை எங்கே என்று தேடி அடிக்கோடிட்டு எழுதுகிறேன். போன தேர்வில் ஆசிரியர், 'அணியெல்லாம் இருக்கிறது, கவிதையைத்தான் காணோம்' என்று குறித்திருந்தார். முதல் கவிதையை எழுதி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது; இரண்டாவதை அவசரமாக முடிக்கிறேன். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் எத்தனை கவிதை படித்தால் சமாளிக்கலாம்? இன்னொன்று: கொடுத்த கவிதை எனக்குப் பிடிக்கவே இல்லை என்றால் அதை விடையில் எழுதலாமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் ஆசிரியர் ஒரே வரியில் நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். இருபது வருடத்துக்கும் மேலாக இந்தக் கேள்விக்கான விடைத்தாள்களைத் திருத்துகிறேன். பாதி மதிப்பெண்ணில் நின்றுபோகும் விடைகளில் பெரும்பாலானவை உங்கள் விடையைப் போலத்தான் இருக்கும். உழைப்பு குறைந்த விடைகள் அல்ல அவை. உழைப்பு தப்பான இடத்தில் போயிருக்கும், அவ்வளவுதான்.

படபடப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். பாடப்பகுதிக் கவிதையை நீங்கள் தனியாகப் படித்ததே இல்லை. ஆசிரியர் விளக்கினார், உரை இருந்தது, குறிப்பு இருந்தது. கவிஞரின் பெயரும் காலமும் தெரியும். இங்கே அது எதுவும் கிடையாது. அதனால் கைக்கு உடனே அகப்படுவதைப் பிடித்துக்கொள்கிறோம். மோனையைக் கண்ணால் பார்த்தே எடுத்துவிடலாம். பொருளை அப்படி எடுக்க முடியாது.

இது உங்களுக்கு மட்டும் வருகிற தடுமாற்றம் இல்லை. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற திறனாய்வாளர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கவிதைகளைக் கவிஞர் பெயர் இல்லாமல் அச்சிட்டுக் கொடுத்து, தோன்றியதை எழுதித் தரச் சொன்னார். 13 கவிதைகளுக்கு வந்த பதில்களை அலசி 1929இல் ஒரு நூலாக வெளியிட்டார். எழுதியவர்களில் பெரும்பாலோர் இலக்கியம் படித்தவர்கள். அப்படியும் அவர் வரிசைப்படுத்திய இடர்ப்பாடுகளில் முதலாவதாக நின்றது எது தெரியுமா? கவிதையின் நேர்ப்பொருளே பிடிபடாமல் போனதுதான். குறியீடு, தத்துவம் எல்லாம் அப்புறம். யார் என்ன செய்தார்கள் என்பதே பலருக்குப் புரிந்திருக்கவில்லை. அவர் சுட்டிய இன்னொன்று, மனத்தில் ஏற்கெனவே தயாராக இருக்கும் உணர்ச்சியை எடுத்துக் கவிதையின் மேல் போர்த்திவிடுவது. இன்று நான் திருத்தும் தாள்களிலும் இந்த இரண்டையும்தான் பார்க்கிறேன்.

சரி, செய்தே பார்த்துவிடுவோம். உங்களுக்காகவே இரண்டு சிறு கவிதைகளை எழுதியிருக்கிறேன். உயர்ந்த கவிதைகள் என்று சொல்லமாட்டேன், பயிற்சிக்குப் போதும். இதுதான் முதலாவது:

கடைசியாக வெளியே வந்தவர் அப்பா.
பூட்டினார்.
இழுத்துப் பார்த்தார்.
நாலு எட்டு நடந்து
திரும்பி வந்து
இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.
உள்ளே
ஒன்றுமே இல்லை.

இது இரண்டாவது:

நான்வளர்ந்த உயரமெல்லாம் நீகுறித்தாய், சுவரே!
நாளைவந்து வேறொருவர் நிறமடிப்பார், சுவரே!
கோடழிந்து போகுமென்று கலங்காதே, சுவரே!
கோடுதொட்ட உயரத்தைக் கொண்டுசெல்வேன், சுவரே!

இவற்றை ஒரு வகுப்பில் கொடுத்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 'முதல் கவிதை போரால் புலம்பெயர்ந்தவர்களின் வலியைச் சொல்கிறது' என்று ஒருவர் எழுதுவார். கவிதையில் போர் எங்கே இருக்கிறது? ஏன் போகிறார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. 'பூட்டு என்பது அப்பாவின் மூடிய மனத்துக்குக் குறியீடு' என்று இன்னொருவர் எழுதுவார். இருக்கலாம். ஆனால் பூட்டு முதலில் பூட்டுதான். அதைப் பூட்டாகப் பார்க்காமல் நேரே மனத்துக்குத் தாவினால், அப்பா இரண்டாம் முறை இழுத்துப் பார்க்கும் இடம் கண்ணிலேயே படாது. அந்தக் கவிதையின் உயிரோ அங்கேதான் இருக்கிறது.

ஆகவே முதல் வாசிப்பில் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். வரி வரியாகப் படிக்காதீர்கள், வாக்கியம் வாக்கியமாகப் படியுங்கள். கவிதையில் வரி முடியும் இடமும் வாக்கியம் முடியும் இடமும் பல சமயம் வேறு வேறாக இருக்கும். வினைமுற்று எங்கே வருகிறது என்று பாருங்கள். தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசலாம் என்பதால், யார் செய்தார் என்பதை வினையின் விகுதிதான் காட்டிக்கொடுக்கும். 'பூட்டினார்' என்று இருப்பதால் அப்பாவைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் ஒருவர் பேசுகிறார் என்று தெரிகிறது. இரண்டாவதில் 'குறித்தாய்', 'கொண்டுசெல்வேன்' என்று வருகிறது. ஆக, ஒரு 'நான்' ஒரு 'நீ'யிடம் பேசுகிறது, அந்த 'நீ' ஒரு சுவர். யார், யாரிடம், எப்போது, எங்கே நின்று சொல்கிறார்? தொல்காப்பியம் செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது எழுத்து, அசை, சீர், தொடை (எதுகை, மோனை போன்றவை) ஆகியவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம் என்பவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறது. நம் பிள்ளைகள் தொடையை மட்டும் எடுத்துக்கொண்டு கூற்றையும் கேட்போரையும் விட்டுவிடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இதெல்லாம் முடிந்ததும் கவிதையை இரண்டே வாக்கியத்தில் பேச்சுநடையில் உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். 'ஒரு குடும்பம் வீட்டைக் காலி பண்ணுது. அப்பா பூட்டிட்டு, மறுபடியும் வந்து பூட்டை இழுத்துப் பாக்கிறாரு, ஆனா வீடு காலி.' இதைச் சொல்ல முடிந்தால் நேர்ப்பொருள் கைக்கு வந்துவிட்டது. சொல்ல முடியவில்லை என்றால் எந்த அணியைக் கண்டுபிடித்தும் பயனில்லை.

இரண்டாவது வாசிப்பில் ஒன்றே ஒன்றைத் தேடுங்கள்: கவிதை எங்கே திரும்புகிறது? அநேகமாக எல்லா நல்ல கவிதையிலும் இப்படி ஓர் இடம் இருக்கும். முதல் கவிதையில் அது 'உள்ளே' என்ற சொல். அதுவரை வெளியே, வாசலில், அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டென்று பார்வை உள்ளே போகிறது. அந்தச் சொல் தனி வரியில் நிற்பதால் அங்கே நமக்கும் ஒரு கணம் நிற்கவேண்டியிருக்கிறது. இரண்டாவதில் மூன்றாம் அடி. முதல் இரண்டு அடிகள் நடந்ததையும் நடக்கப்போவதையும் சொல்கின்றன. மூன்றாவதில் 'கலங்காதே' என்று ஆறுதல் தொடங்கிவிடுகிறது. திரும்பும் இடத்தைச் சுற்றி எழுதப்படும் விடை சோடை போய் நான் பார்த்ததில்லை.

இனி நுட்பத்துக்கு வருவோம். நீங்கள் இடறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 'இரண்டாம் கவிதையில் மோனையும் இயைபும் வந்துள்ளன' என்று எழுதினால் அது கணக்கெடுப்பு. (இயைபு என்பது அடிகளின் முடிவு ஒன்றுபோல ஒலிப்பது.) திருத்துகிறவர் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார், அது வராது. அந்த அடுத்த வாக்கியத்தை வரவழைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, சொல்லை மாற்றிப் பார்ப்பதுதான். கவிதையில் உள்ள ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே பொருள் தரும் இன்னொன்றைப் போடுங்கள். என்ன கெட்டுப்போகிறது என்று பாருங்கள். கெட்டுப்போவது எதுவோ அதுதான் நீங்கள் எழுத வேண்டிய வாக்கியம்.

'இழுத்துப் பார்த்தார்' என்பதற்குப் பதில் 'சரிபார்த்தார்' என்று போட்டுப் பாருங்கள். செய்தி அப்படியே இருக்கிறது. ஆனால் கை போய்விடுகிறது. 'இழுத்து' என்பதில் ஒரு தொடுதல் இருக்கிறது, பூட்டின் கனம் இருக்கிறது. அவர் சரிபார்ப்பது போலத்தான் தெரிகிறது. உண்மையில் அந்த வீட்டைக் கடைசியாக ஒருமுறை தொடுகிறார். சரி, 'இன்னொரு முறை' என்பதை எடுத்துவிட்டால்? அப்பா வெறும் கவனமான மனிதர் ஆகிவிடுவார். இரண்டாம் முறை இழுக்கும்போதுதான் அது கவனம் இல்லை, பிரிய மனமில்லாமை என்று தெரிகிறது. கடைசி வரியில் 'ஒன்றும் இல்லை' என்று போட்டுப் பாருங்கள். அந்த ஏகாரம் போனதும் வீட்டின் வெறுமை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இரண்டாவதில் நான்கு முறை வரும் 'சுவரே'யை எடுத்துவிட்டுச் சத்தம் போடாமல் மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வோர் அடியும் தொங்கலில் நிற்கும். அந்த விளி ஒவ்வோர் அடியின் முடிவிலும் வந்து தோளில் தட்டிக்கொடுப்பது போல இருக்கிறது. அடிகள் நான்கும் ஒரே தாளத்தில் போகின்றன. அழவேண்டிய செய்தியைச் சொல்லும்போதும் தாளம் குலையவில்லை. பேசுகிறவர் தன்னைத் தாளத்தால் கட்டிப் பிடித்து வைத்திருக்கிறார் என்று அதைப் படிக்கலாம். பாருங்கள், இதை விளக்கும்போது இயைபு என்ற சொல்லை நான் பயன்படுத்தவே இல்லை. இந்த விளக்கத்துக்குள் அந்தக் கலைச்சொல்லை ஒருமுறை சேர்த்தால் போதும், அதற்கு உரிய இடம் கிடைத்துவிடும்.

ஒரு கலைச்சொல் மட்டும் எனக்கு மிகவும் பிடிக்கும். தொல்காப்பியர் சொல்லும் உறுப்புகளில் 'நோக்கு' என்று ஒன்று உண்டு. மாத்திரையிலிருந்து அடிவரை, கேட்டவரை மீண்டும் நோக்க வைக்கும் காரணம் எதுவோ அதற்கு அந்தப் பெயர். தேர்வு அறையில் உங்கள் கண் ஒரு சொல்லுக்கு இரண்டாம் முறை போனால் அதை நம்புங்கள். ஏன் போனது என்று காரணம் தேடுங்கள். அடிக்கோடு போட வேண்டியது அந்தச் சொல்லின் கீழேதான்.

உணர்ச்சியைப் பற்றி ஒன்று. 'இரண்டும் சோகமான கவிதைகள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எந்தச் சோகம்? உடலில் வெளிப்படும் உணர்ச்சியை மெய்ப்பாடு என்பார்கள்; அந்த எட்டில் ஒன்றான அழுகைக்கே தொல்காப்பியம் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு காரணங்களைப் பிரித்துச் சொல்கிறது. பிறர் இகழ்வதால் வருவது வேறு, இழந்ததால் வருவது வேறு. அசைவு என்பதற்கு, பழைய நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துவது என்று உரையில் விளக்கம் இருக்கிறது. வீடு மாறுகிறவர்களின் வருத்தம் இதற்கு எவ்வளவு அருகில் வருகிறது! இந்தப் பெயர்களைத் தேர்வில் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. உணர்ச்சிக்கு ஒரு படி நெருக்கமான சொல்லைத் தேடுங்கள் என்கிறேன். தயக்கமா, ஏக்கமா, வெறுமையா, வீம்பா? அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் செலவழித்தாலும் வீண் இல்லை.

இப்போது ஒப்பீடு. முதல் கவிதையை முழுதாக எழுதிவிட்டு இரண்டாவதற்குப் போவதால்தான் உங்களுக்கு நேரம் போதவில்லை. அப்படி எழுதினால் கிடைப்பது இரண்டு விளக்கங்கள், நடுவில் ஒரு 'ஆனால்'. ஒற்றுமை மூன்று, வேற்றுமை மூன்று என்று அட்டவணை போடும் பழக்கமும் இங்கே உதவாது. ஒன்றில் எட்டு வரி, மற்றதில் நாலு வரி என்பதும் வேற்றுமைதான், அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இரண்டு கவிதைகளிடமும் கேட்கக்கூடிய ஒரே ஒரு கேள்வியைக் கண்டுபிடியுங்கள். இரண்டும் வெவ்வேறு பதில் சொல்லும் கேள்வியாக அது இருக்க வேண்டும். மேலே உள்ள இரண்டுக்கும் நான் கேட்பது இது: பிரிகிறவர் தன் துயரத்தை எங்கே வைக்கிறார்? முதல் கவிதையில் அப்பா அதைக் கையில் வைக்கிறார், வாயைத் திறக்கவே இல்லை. இரண்டாவதில் பேசுகிறவர் அதைச் சுவரின் மேல் ஏற்றிவிடுகிறார். கலங்குவது சுவர் என்று வைத்துக்கொண்டால், ஆறுதல் சொல்கிறவராகத் தான் நின்றுகொள்ளலாம் அல்லவா? இந்த ஒரு கேள்வி கிடைத்ததும் நடை, ஓசை, கூற்று எல்லாம் தாமாக அதைச் சுற்றி வந்து உட்காரும். மௌனமாக இருப்பவரைப் பற்றிய கவிதை துண்டு துண்டான வாக்கியங்களில் இருப்பதும், ஆறுதல் சொல்லும் கவிதை தாலாட்டு மாதிரி ஒரே தாளத்தில் போவதும் ஏன் என்று அப்போது எழுத முடியும்.

ஒரு பத்தி எப்படி இருக்கலாம் என்று எழுதிக் காட்டுகிறேன்:

'இரண்டு கவிதைகளிலும் வீட்டைப் பிரிகிறவர் தன் துயரத்தை நேராகச் சொல்வதில்லை. முதலாவதில் அது அப்பாவின் செயலாக மாறுகிறது. பூட்டிய கதவை அவர் "இன்னொரு முறை" இழுத்துப் பார்க்கும்போது, கவனம் போலத் தெரிந்தது பிரிய மனமில்லாத தயக்கமாகிறது. காக்க வேண்டியது எதுவும் உள்ளே இல்லை என்று கடைசி வரி சொன்ன பிறகு அந்தத் தயக்கம் இன்னும் கூர்மையாகிறது. இரண்டாவதில் துயரம் சுவரின் மேல் ஏற்றப்படுகிறது. "கலங்காதே" என்று சுவருக்குச் சொல்லும் ஆறுதல் பேசுகிறவர் தனக்கே சொல்லிக்கொள்வது. மாறாத தாளமும் நான்கு முறை வரும் "சுவரே" என்ற இயைபும் அந்த உறுதியைத் தாங்கிப் பிடிக்கின்றன. முதல் கவிதையில் வீட்டில் எதுவும் மிச்சமில்லை, ஆனாலும் அப்பாவால் நகர முடியவில்லை. இரண்டாவதில் கோடுகள் அழியப்போகின்றன, ஆனாலும் பேசுகிறவர் "உயரத்தை" எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.'

இது ஒன்றும் எட்ட முடியாத உயரம் இல்லை, தம்பி. மேற்கோள்கள் சின்னவை, ஒரு சொல் அல்லது இரண்டு சொல். இரண்டு கவிதைகளும் ஒரே பத்திக்குள் மாறி மாறி வருகின்றன. இப்படி மூன்று பத்தி எழுதினால் விடை நிறைவாக இருக்கும். கேள்வித்தாள் முதலில் ஒரு கவிதையைத் தனியாக விளக்கச் சொல்லி, ஒப்பீட்டைத் தனிக் கேள்வியாகக் கேட்டால், விளக்கியதையே ஒப்பீட்டில் திரும்ப எழுதாதீர்கள். அங்கே எடுத்த முடிவை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

நேரம்? ஒரு மணி நேரம் இருந்தால் கால் மணி நேரம் படிப்பதற்கும் குறிப்பதற்கும் ஒதுக்குங்கள். பக்கத்தில் இருப்பவர் தலை நிமிராமல் எழுதுவதைப் பார்த்தால் பயம் வரத்தான் செய்யும். அவருடைய தாளைப் பார்க்காதீர்கள்.

புரியாத வரி கண்டிப்பாக ஒன்று வரும். அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள், புரிந்த மாதிரியும் எழுதாதீர்கள். 'உள்ளே ஒன்றுமே இல்லை' என்பது காலி வீட்டைச் சொல்கிறது. அப்பாவின் உள்ளம் வெறுமையாகிவிட்டது என்றும் கொள்ளலாம். இரண்டில் எது சரி என்று நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம், இன்ன சொல்லால் எனக்கு இது வலுவாகப் படுகிறது என்று எழுதுங்கள். தயங்கித் தயங்கி நேர்மையாக எழுதிய அப்படிப்பட்ட வாக்கியங்களுக்கு நான் மனமுவந்து மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

எத்தனை கவிதை படிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். ஆறு வாரத்தில் பன்னிரண்டு போதும். வாரத்துக்கு ஒரு ஜோடி. ஒரே பொருளில் எழுதப்பட்ட இரண்டு கவிதைகளை யாரையாவது தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லுங்கள், கவிஞர் பெயரை மறைத்துவிடச் சொல்லுங்கள். முதல் நாள் இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள், வேறொன்றும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஓசை காதுக்குத் தெரியும். அடுத்த நாள் கடைசி வரியை மறைத்து வைத்துக்கொண்டு, நீங்களாக இருந்தால் எப்படி முடிப்பீர்கள் என்று எழுதிப் பாருங்கள். உங்கள் முடிவுக்கும் கவிஞரின் முடிவுக்கும் உள்ள இடைவெளியில் நிறையக் கற்றுக்கொள்ளலாம். மூன்றாம் நாள் சொல்லை மாற்றிப் பாருங்கள். நாலாம் நாள் அந்த ஒரே கேள்வியைக் கண்டுபிடித்து, ஒரே ஒரு ஒப்பீட்டுப் பத்தி எழுதுங்கள். முழுக் கட்டுரை கடைசி இரண்டு வாரத்தில் எழுதினால் போதும், அதுவும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு.

கவிதை பிடிக்கவில்லை என்றால் எழுதலாமா என்பது நல்ல கேள்வி. எழுதலாம், 'பிடிக்கவில்லை' என்ற சொல்லாக எழுதாமல். எந்த இடத்தில் உங்களுக்கு ஒட்டவில்லை என்று பாருங்கள். நான் எழுதிய இரண்டாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவது அடி ஆறுதலைக் கொஞ்சம் சீக்கிரமாக எட்டிவிடுகிறது, அந்தத் துணிச்சலை முழுதாக நம்ப முடியவில்லை என்று நீங்கள் எழுதினால், 'கலங்காதே' என்ற சொல்லைக் காட்டி, அதற்குள் ஒரு கலக்கம் இருக்கிறது, அதைக் கடைசி அடி மூடிவிடுகிறது என்று காரணமும் சொன்னால், அது திறனாய்வு. எழுதியவன் நானே ஆனாலும் அதை ஒப்புக்கொள்வேன். முதல் கவிதையில் அப்படி ஓர் இடம் உங்களுக்குத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். இந்த வாரப் பயிற்சியை அதிலிருந்தே தொடங்கலாம்.